பெப்பே என்றால் ஹொஸே, பாக்கோ என்றால் ஃபிரான்ஸிஸ்கோ: ஸ்பானிஷ் செல்லப்பெயர்கள் பற்றிப் பயனுள்ள குறிப்புகள்

வீட்டில் நள்ளிரவு வரை கால்பந்து பார்க்கும் பிள்ளை இருக்கலாம். மெக்ஸிகோ கிளையோடு தினமும் பேசவேண்டிய வேலையில் மகளோ மருமகளோ இருக்கலாம். லத்தீன் அமெரிக்க நாவல்களைத் தமிழில் வாசிக்கும் பழக்கம் உங்களுக்கே இருக்கலாம். எந்த வழியில் வந்தாலும் இந்தக் குழப்பம் வந்தே தீரும்: முகவரி அட்டையில் ஹொஸே என்று இருப்பவரை எல்லோரும் பெப்பே என்கிறார்கள், ஃபிரான்ஸிஸ்கோ பாக்கோ ஆகிறார், தொலோரெஸ் அம்மாள் லோலா ஆகிவிடுகிறார். ஸ்பானிஷ் பேசும் ஊர்களில் பதிவேட்டுப் பெயர் அரசாங்கத்துக்கும் வங்கிக்கும்தான். மனிதர்கள் புழங்குவது செல்லப்பெயரோடு. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் அந்த வீட்டுக்குள் பாதி தூரம் போன மாதிரி.

1. முதலில் உச்சரிப்பு. ‘ஜே’ எழுத்தைப் பார்த்து ‘ஜோஸ்’ என்று வாசிக்காதீர்கள். ஸ்பானிஷில் அதற்கு ‘ஹ’ ஒலி. கீழே ‘ஸ’ என்று இருந்தால் ‘பஸ்’ஸில் வரும் ஒலி. சொல்லின் முதலில் ‘ச’ என்று இருந்தால் ‘பச்சை’யில் வருவதுபோல அழுத்திச் சொல்லுங்கள். சே குவேராவைச் சொல்வதுபோல.

2. பெயரின் தலையைப் பார்க்காமல் அழுத்தம் விழும் அசையைக் கேளுங்கள். நாம் சுப்பிரமணியனைச் சுப்பு ஆக்கும்போது தலையை வைத்துக்கொண்டு வாலை விட்டுவிடுகிறோம். ஸ்பானிஷிலும் ரஃபாயேல் ரஃபா ஆவதுபோல அப்படி உண்டு. டென்னிஸ் வீரர் நடாலை உலகமே ரஃபா என்கிறது. ஆனால் பழைய செல்லப்பெயர்கள் பல நேர் எதிர். அழுத்தம் விழும் அசையிலிருந்து கடைசிவரை வைத்துக்கொள்வார்கள். முன்னால் இருப்பது உதிர்ந்துவிடும். ஃபெர்னாந்தோ நாந்தோ ஆகிறார். ரொபெர்த்தோ பெத்தோ, எர்னெஸ்த்தோ நெத்தோ. இந்த ஒரு வழியைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பெயர்கள் அவிழ்ந்துவிடும்.

3. அடுத்து மழலை. குழந்தை நாக்கில் ‘ஸ’ நிற்காமல் ‘ச’ ஆகிவிடும்; அந்த ஒலியே பெரியவர்கள் பெயரிலும் தங்கிவிட்டது. மேலே சொன்ன வழியையும் இதையும் சேர்த்து ஒரு பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘கொன்-ஸுவே-லோ’: அழுத்தம் நடுவில். முன்னால் உள்ள ‘கொன்’ போய்விட்டது, ‘ஸுவே’ சுருங்கிச் ‘சே’ ஆனது, மிச்சம் சேலோ. ‘ரொ-ஸா-ரியோ’ இப்படியே சாரோ ஆகிறது. ஹெஸூஸ், ஸ்பெயினில் சுஸ். விஸெந்தே, மெக்ஸிகோவில் செந்தே. பாடகர் விஸெந்தே ஃபெர்னாந்தெஸை அந்த நாடே அப்படித்தான் அழைத்தது. இஸபெல் சபேலா ஆவதும் இதே கணக்கு. கோஸ்டாரிக்காவில் பிறந்து மெக்ஸிகோவின் குரலாகிவிட்ட பாடகி சபேலா வர்காஸின் பெயருக்குள் இருப்பது இஸபெல்தான்.

4. ‘ஃப’ வந்தால் ‘ப’ ஆகும் என்று எதிர்பாருங்கள். ஒரே ஒலி இரண்டு முறை வந்தாலும் வியக்காதீர்கள். இதுவும் மழலைதான். அல்ஃபோன்ஸோ மெக்ஸிகோவில் போஞ்சோ ஆகிறார். கியெர்மோ மெமோ, என்ரீக்கே கீக்கே. 2017-இல் ‘தெஸ்பாஸீத்தோ’ பாட்டு நம் ஆட்டோக்களில்கூட ஒலித்ததே, அதைப் பாடிய லூயிஸ் ஃபோன்ஸியின் ‘ஃபோன்ஸி’ குடும்பப் பெயர் அல்ல. அல்ஃபோன்ஸோவின் நடுவிலிருந்து எடுத்தது.

5. ஹொஸே ஏன் பெப்பே? யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். புனித சூசையப்பர் இயேசுவின் வளர்ப்புத் தந்தை. அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘தந்தை எனக் கருதப்பட்டவர்’ என்று பொருள்படும் ‘பாத்தெர் புத்தாத்திவுஸ்’ என்ற லத்தீன் சொற்களை எழுதுவார்கள், அது சுருங்கி இரண்டு ‘ப’ ஆயிற்று என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது, மொழியறிஞர்கள் ஏற்பதில்லை. ஹொஸேயின் பழைய வடிவங்களில் ஒன்று ஹுஸெப்பே. 1591-இல் பிறந்த ஓவியர் ரிபேராவின் பெயரே ஹுஸெப்பே தெ ரிபேராதான். அதன் கடைசி ஒலியை இரட்டித்தால் பெப்பே. பெண்ணுக்கு ஹொஸெஃபா, அதனால் பெப்பா. கதையைச் சொல்பவரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். அது அவர் பாட்டி சொன்னதாக இருக்கும். நீங்கள் எங்காவது எழுதும்போது மட்டும் சரியானதை எழுதுங்கள்.

6. ஃபிரான்ஸிஸ்கோ என்ற ஒரு பெயருக்கு ஒரு கூடை செல்லப்பெயர்கள் உண்டு. ஸ்பெயினில் பாக்கோ, ஆந்தலூஸியாவில் கூரோ, மெக்ஸிகோவிலும் தென் அமெரிக்காவிலும் பாஞ்சோ. கீக்கோ, ஃபிரான், பாக்கீத்தோ எல்லாம் அவரே. பாஸ்க் பகுதியில் பாச்சி. கத்தலான் மொழியில் ஃபிரான்ஸெஸ்க், சுருக்கமாக ஸெஸ்க். கால்பந்து வீரர் ஃபாப்ரெகாஸை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செல்லப்பெயரில் ஊரும் ஒட்டிக்கொண்டிருக்கும். கூரோ என்று ஒருவர் தன்னைச் சொன்னால் தெற்கு ஸ்பெயின் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். பாஞ்சோ வியா விஷயத்தில் மட்டும் கவனம்: மெக்ஸிகோப் புரட்சியின் அந்தத் தளபதிக்குப் பெற்றோர் வைத்த பெயர் தொரோத்தேயோ அராங்கோ. ஃபிரான்ஸிஸ்கோ வியா என்பது பிறகு அவரே சூட்டிக்கொண்டது. அதன் செல்லப்பெயர்தான் உலகப் புகழ் பெற்றது.

7. மாலைச் சிற்றுண்டிக்கு நாச்சோஸ் பொரிக்கிறீர்களா? அது ஒரு மனிதரின் செல்லப்பெயர். 1940களின் தொடக்கத்தில், மெக்ஸிகோவின் எல்லை நகரமான பியெத்ராஸ் நெக்ராஸில் ஓர் உணவகத்துக்கு ஆற்றின் மறுகரை அமெரிக்க ஊரிலிருந்து சில பெண்கள் வந்தார்கள். சமையல்காரர் இல்லாத நேரம். அங்கே வேலை பார்த்த இக்னாஸியோ அனாயா, சோள ரொட்டித் துண்டுகளைப் பொரித்து, மேலே சீஸைத் துருவிப் போட்டு உருக்கி, ஹலபேன்யோ மிளகாய்த் துண்டுகளை வைத்துக் கொடுத்தார். இக்னாஸியோவுக்குச் செல்லப்பெயர் நாச்சோ. பலகாரத்துக்கும் அதுவே நிலைத்தது.

8. இந்த நாச்சோவுக்கு நம் ஊரில் உறவுக்காரர்கள் உண்டு. லொயோலாவின் இக்னாஸியோ, இயேசு சபையை நிறுவிய பாஸ்க் நாட்டவர். சென்னை லயோலா கல்லூரி அவர் ஊரின் பெயரைத் தாங்கியது. அந்தப் பெயரே தமிழில் இன்னாசி, இன்னாசிமுத்து ஆயிற்று. அவருடைய தோழர் ஃபிரான்ஸிஸ்கோ ஹவியெர் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், நம் சவேரியார். அவரால்தான் நமக்குச் சவரிமுத்துகளும் சேவியர்களும். ஹவியெர் முதலில் ஆள் பெயரே அல்ல. நவார்ரா பகுதியில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் ‘புது வீடு’ என்ற பொருளுள்ள ‘எச்செ பெர்ரி’யிலிருந்து வந்தது. இன்று ஹவியெர்களை ஸ்பானிஷில் ஹவி என்றும், பாஸ்க் வழக்கில் ஷாபி என்றும், கத்தலான் வழக்கில் ஷாவி என்றும் கூப்பிடுகிறார்கள். ஷாபி அலோன்ஸோ, ஷாவி எர்னாந்தெஸ் இருவரும் ஸ்பெயின் அணியின் நடுக்களத்தில் சேர்ந்து ஆடியபோது, வர்ணனையில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே பெயரின் இரண்டு வடிவங்கள். தூத்துக்குடிக் கரையில் ஒரு சவரிமுத்து அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தால் மூன்று.

9. பெண் பெயர்களில் மரியாவைத் தேடுங்கள். தொலோரெஸ் என்றால் வேதனைகள், ஸொலெதாத் என்றால் தனிமை, ரெமெதியோஸ் என்றால் மருந்துகள், ரொஸாரியோ என்றால் ஜெபமாலை. பெண் குழந்தைக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று திகைக்க வேண்டாம். இவை தேவமாதாவின் பட்டங்கள். முன்னால் இருந்த மரியா மறைந்துவிட்டது. நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் வியாகுலமேரியும் செபமாலைமேரியும் இருக்கிறார்களே, அதே பெயர்கள்தான். பட்டம் கனமானது என்பதால்தானோ என்னவோ, செல்லப்பெயர் இலேசாக வந்துவிடுகிறது: வேதனைகள் லோலா ஆகித் துள்ளுகிறது, ஜெபமாலை சாரோ ஆகிறது. குவாதலூப்பே லூப்பே, லூப்பீத்தா, பிலார் பீலி, மெர்ஸேதெஸ் ஸ்பெயினில் மெர்ச்சே, மெக்ஸிகோவில் மேச்சே.

10. இரட்டைப் பெயர்களை ஒட்டவைத்து விடுவார்கள். ஹுவான் மனுவேல் ஹுவான்மா, மரியா தெரேஸா மைத்தே, மரியா இஸபெல் மரிபெல், ஹொஸே மரியா சேமா. இதில் தவறாமல் நினைவில் வைக்கவேண்டியது: ஹொஸே மரியா ஆண், மரியா ஹொஸே பெண். முதலில் வரும் பெயரே பாலைச் சொல்லும். மின்னஞ்சலில் ‘திருமதி ஹொஸே மரியா’ என்று எழுதிவிடாதீர்கள்.

11. நாட்காட்டியில் குறித்துக்கொள்ள சில தேதிகள். பிறந்தநாளைப் போலவே, தன் பெயருக்குரிய புனிதரின் நாளிலும் வாழ்த்துச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. மார்ச் 19 பெப்பே, பெப்பாக்களுக்கு. ஸ்பெயினில் தந்தையர் தினமும் அன்றுதான். ஜூலை 31 நாச்சோக்களுக்கு. அக்டோபர் 4 பாக்கோக்களுக்கு, அக்டோபர் 12 பீலிகளுக்கு, டிசம்பர் 3 ஹவிகளுக்கு, டிசம்பர் 12 லூப்பேக்களுக்கு. ‘ஃபெலிஸிதாதெஸ்’ என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், மகிழ்ந்துபோவார்கள்.

12. பெயரின் வாலில் ஊர் தெரியும். ‘ஈத்தோ’, ‘ஈத்தா’ எங்கும் உண்டு. ‘ஈக்கோ’ என்று முடிந்தால் அரகோன் அல்லது முர்ஸியா, ‘ஈன்’ என்றால் அஸ்தூரியாஸ், ‘ஈன்யோ’ என்றால் கலீஸியா. கோஸ்டாரிக்காக்காரர்கள் சின்னஞ்சிறு பொருளை எல்லாம் ‘தீக்கோ’ போட்டுச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த நாட்டு மக்களுக்கே ‘தீக்கோஸ்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

13. ஒரு நாட்டில் செல்லம், இன்னொரு நாட்டில் சங்கடம். மெக்ஸிகோவில் மெமோ அன்பான பெயர். கோல்கீப்பர் கியெர்மோ ஓச்சோவாவை ரசிகர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஸ்பெயினில் மெமோ என்றால் மண்டு. லத்தீன் அமெரிக்காவில் ஹெஸூஸ் என்பவருக்கு சூச்சோ என்று பெயர். கியூபாவின் பியானோ மேதை சூச்சோ வல்தேஸ் ஓர் உதாரணம். ஸ்பெயினில் சூச்சோ என்றால் தெருநாய். கொன்ஸெப்ஸியோன் என்ற பெண்ணை ஸ்பெயினில் கொஞ்சா, கொஞ்சீத்தா என்பார்கள். அர்ஜென்டினாவிலும் சிலியிலும் ‘கொஞ்சா’ சபையில் சொல்லக்கூடாத கொச்சை. எந்த நாட்டுக்காரரிடம் பேசுகிறோம் என்று தெரியாதவரை முழுப்பெயரிலேயே நில்லுங்கள்.

14. உடம்பைச் சொல்லும் பெயர்களைக் கேட்டுப் பதறவேண்டாம். நீங்கள் சொல்லவும் வேண்டாம். கோர்தோ (குண்டன்), ஃபிளாக்கோ (ஒல்லி), சாத்தோ (சப்பை மூக்கு), பெலாதோ (மொட்டை) எல்லாம் அங்கே அன்றாடம் நட்போடு புழங்குபவை. அர்ஜென்டினாவில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கோர்தோ, கோர்தா என்று கொஞ்சிக்கொள்வார்கள். எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெஸ்ஸி சிறுவயதில் மிகக் குட்டையாக இருந்ததால் ‘லா புல்கா’, அதாவது தெள்ளுப்பூச்சி. ஆங்ஹெல் தி மரியாவின் ஒல்லி உடம்புக்கு ‘ஃபிதேயோ’, சேமியா. மரதோனாவின் அடர்ந்த முடிக்குப் ‘பெலூஸா’, பஞ்சுப் பிசிர். நிறத்தைச் சொல்லும் பெயர்கள் இன்னும் நுட்பமானவை. அர்ஜென்டினாவின் மாபெரும் பாடகி மெர்ஸேதெஸ் ஸோஸாவை மக்கள் அன்போடு ‘லா நெக்ரா’, கறுப்பி என்றே அழைத்தார்கள். ஆனால் 2020 நவம்பரில் உருகுவே வீரர் எடின்ஸன் கவானி, தன்னைப் பாராட்டிய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் ‘நன்றி, நெக்ரீத்தோ’ என்று பதில் எழுதியதற்கு, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மூன்று ஆட்டத் தடையும் 1,00,000 பவுண்டு அபராதமும் விதித்தது. உருகுவேயின் தேசிய இலக்கிய அகாதெமி, அது எங்கள் மொழியில் அன்புச் சொல் என்று கண்டனம் தெரிவித்தது. அகாதெமி சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். அதற்காக அந்தச் சொல் நம் வாயிலும் அன்பாக ஒலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த உரிமை கூடவே வளர்ந்தவர்களுக்கு.

15. இனத்தைச் சொல்லும் பட்டப்பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். அர்ஜென்டினாவில் ‘துர்க்கோ’ என்றால் துருக்கியர் என்றுதான் பொருள். ஆனால் அங்கே அது சிரியா, லெபனான் வழி வந்தவர்களுக்கான பெயர். அவர்களுடைய முன்னோர் உதுமானியப் பேரரசின் ஆவணங்களோடு கப்பல் ஏறியவர்கள். அதிபராக இருந்த கார்லோஸ் மெனெம் சிரியக் குடும்பத்தவர், பட்டப்பெயர் ‘எல் துர்க்கோ’. ஸ்பெயினின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அங்கே ‘கயேகோ’, கலீஸியாக்காரர். பெருவின் அதிபராக இருந்த ஃபுஹிமோரி ஜப்பானிய வம்சம், அவரை ‘எல் சீனோ’, சீனர் என்றார்கள். மெக்ஸிகோவில் ‘சீனோ’ சுருட்டை முடிக்காரரையும் குறிக்கும்.

16. பட்டப்பெயர் சொத்து மாதிரி அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். மெக்ஸிகோ வீரர் ஹவியெர் எர்னாந்தெஸ் சட்டையின் முதுகில் ‘சிச்சரீத்தோ’, குட்டிப் பட்டாணி என்று போட்டுக்கொண்டு ஆடினார். அவர் தந்தையும் கால்பந்து வீரர். பச்சைக் கண்களால் அவருக்குச் ‘சீச்சரோ’, பட்டாணி என்று பெயர். அர்ஜென்டினாவின் ஹுவான் ரமோன் வெரோன் ‘லா புரூஹா’, சூனியக்காரி. மகன் ஹுவான் ஸெபாஸ்தியான் ‘லா புரூஹீத்தா’. ஸ்பெயினின் கிராமங்களிலும் இதே கதைதான். ஒரே குடும்பப்பெயர் பாதி ஊருக்கு இருப்பதால், வீட்டுப் பட்டப்பெயர் இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. சுவரில் ஒட்டும் இரங்கல் அறிவிப்பிலேயே அதை அச்சிடும் ஊர்கள் உண்டு. அறியாத பிள்ளையைக் கண்டால் கிழவிகள் கேட்பது ‘நீ யார்?’ அல்ல, ‘நீ யாருடைய பிள்ளை?’

17. யாருடைய பிள்ளை என்பதே பெயராகிவிடுவதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஃபிளமெங்கோ கித்தார் மேதை பாக்கோ தெ லூஸியா. 1947-இல் அல்ஹெஸிராஸ் துறைமுக நகரில் பிறந்த அவருடைய பதிவுப் பெயர் ஃபிரான்ஸிஸ்கோ ஸாஞ்செஸ் கோமெஸ். தெருவில் பாக்கோக்கள் நிறைய. எந்தப் பாக்கோ என்று பிரித்துச் சொல்லவேண்டும். அவருடைய அம்மா போர்ச்சுகலிலிருந்து வந்த லூஸியா. ஆகவே ‘லூஸியாவின் பாக்கோ’. தெருப் பிள்ளைகள் கூப்பிட்ட அந்தப் பெயரை மாற்றாமல் அப்படியே உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். அவரோடு சேர்ந்து இசைத்தட்டுகள் பதிந்த பாடகர் கமரோன் தெ லா இஸ்லா, காதிஸுக்குப் பக்கத்து ஸான் ஃபெர்னாந்தோ ஊர்க்காரர். அந்த ஊரை மக்கள் ‘லா இஸ்லா’, தீவு என்பார்கள். ஒல்லியாக, வெளுப்பாக, செம்பட்டை முடியோடு இருந்த பையனுக்கு மாமா வைத்த பெயர் கமரோன், இறால். ஃபிளமெங்கோ இசைத்தட்டு வாங்கும்போது உறையில் இருக்கும் பெயரைப் பிரித்து வாசியுங்கள். அம்மாவோ ஊரோ தொழிலோ உள்ளே இருக்கும்.

18. ‘சே’ ஒரு பெயரே அல்ல. அர்ஜென்டினாவில் யாரையாவது கூப்பிடும்போது வரும் ‘ஏய், ஏம்ப்பா’ மாதிரியான விளி. ரொஸாரியோ நகரில் பிறந்த எர்னெஸ்த்தோ குவேரா வாய்க்கு வாய் அதைச் சொன்னதால் கியூபாத் தோழர்கள் அவரையே சே ஆக்கிவிட்டார்கள். கியூபாவின் தேசிய வங்கித் தலைவராக இருந்தபோது பண நோட்டுகளில் அவர் போட்ட கையெழுத்தும் ‘சே’, அவ்வளவுதான்.

19. வரலாற்றுப் புத்தகத்தில் பட்டப்பெயர் வந்தால், வைத்தது நண்பரா எதிரியா என்று பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டுக் காஸ்தீல் அரசர் முதலாம் பெத்ரோ எதிரிகளுக்குக் ‘கொடியவர்’, ஆதரவாளர்களுக்கு ‘நீதி வழங்குபவர்’. நெப்போலியன் தன் அண்ணன் ஜோசப்பை 1808-இல் ஸ்பெயின் அரியணையில் அமர்த்தினார். ஜோசப் குடிகாரர் அல்லர், ஆனாலும் மக்கள் வைத்த பெயர் ‘பெப்பே போத்தேயா’, புட்டி பெப்பே. அன்புக்கும் அதே பெயர் உதவியது. காதிஸில் 1812 மார்ச் 19, சூசையப்பர் நாளில் வெளியான அரசியல் சட்டத்துக்கு ‘லா பெப்பா’ என்று பெண்பிள்ளைப் பெயர் வைத்துக் கொண்டாடினார்கள்.

20. நாவல் வாசிக்கும்போது கடைசிப் பக்கத்தில் பெயர்களைக் குறித்து வையுங்கள். ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் ரெனாத்தா ரெமெதியோஸ்தான் மெமே. குறித்து வைக்காவிட்டால் வீட்டில் ஒரு பெண் கூடுதலாக இருப்பதாகத் தோன்றும். 

21. தயங்காமல் கேளுங்கள்: ‘கோமோ தெ தீஸென்?’ உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பொருள். வயதில் பெரியவர் என்றால் ‘கோமோ லெ தீஸென்?’ அவரே செல்லப்பெயரைச் சொன்ன பிறகு தாராளமாகக் கூப்பிடலாம். மரியாதை குறையுமோ என்று தோன்றினால் முன்னால் ‘தோன்’, பெண்களுக்குத் ‘தோன்யா’ சேருங்கள். 1948-இல் கோஸ்டாரிக்காவின் இராணுவத்தையே கலைத்த தலைவர் ஹொஸே ஃபிகேரெஸை நாடு முழுவதும் ‘தோன் பெப்பே’ என்றுதான் அழைத்தது.

22. விமான டிக்கெட், அழைப்புக் கடிதம், பணம் அனுப்பும் படிவம் எதிலும் செல்லப்பெயரை எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி கேட்டு வாங்குங்கள். ஆனால் நீங்களாக நீட்டியும் எழுதிவிடக் கூடாது. சுருக்கப் பெயர்களைப் பதிவுசெய்ய ஸ்பெயினில் இருந்த தடை 2007-இல் நீங்கிவிட்டது. அதன்பிறகு பிறந்த ஒரு லோலா, பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் லோலாவாகவே இருக்கக்கூடும்.